வெள்ளம் வடிந்த பிறகு கான்கிரீட் தளத்தின் அடியில் பள்ளம்: கேட் முதல் போர்டிகோ வரை அவசரப் பழுது

முடிச்சூர்7

கேட்டிலிருந்து போர்டிகோ வரை 20 அடி நீளம், 10 அடி அகலத்தில் கான்கிரீட் தளம். கனம் 4 இன்ச், கம்பி போடவில்லை. இரண்டு நாள் முழங்கால் அளவு தண்ணீர் நின்று வடிந்துவிட்டது. இப்போது காம்பவுண்டு சுவர் பக்கம் தளத்துக்கு அடியில் மண் இல்லை, கை தாராளமாக உள்ளே போகிறது. கேட் அருகே மழைநீர் சேகரிப்புக் குழி இருக்கும் மூலையில் பள்ளம் இன்னும் பெரிது. நடுவில் ஒரு குறுக்கு விரிசல் விழுந்திருக்கிறது. கார் போர்டிகோவில் நிற்கிறது.

மேஸ்திரி, "ரப்பிஷ் தள்ளி மேலே இரண்டு இன்ச் கான்கிரீட் போட்டுவிடலாம்" என்கிறார். சரியா? காரை வெளியே எடுக்கலாமா? மறுபடி மழை வருவதற்குள் என்ன செய்ய முடியும்?

சைட்இன்ஜினியர்

முதலில் காம்பவுண்டு சுவரைப் பாருங்கள், தளம் அப்புறம். தளத்துக்கு அடியில் மண் போயிருந்தால் சுவர் அஸ்திவாரத்துக்கு அடியிலும் போயிருக்க வாய்ப்புண்டு. தூக்குக்குண்டு பிடித்துப் பாருங்கள். சுவர் சாய்ந்திருந்தாலோ, அடியில் புதுக் கிடைமட்ட விரிசல் இருந்தாலோ சுவரின் உயரம் எவ்வளவோ அவ்வளவு தூரத்துக்கு இரண்டு பக்கமும் ஆள் நடமாடக் கூடாது. குழந்தைகள் அங்கே விளையாடவே கூடாது. பக்கத்து வீட்டுக்காரரிடமும் உடனே சொல்லிவிடுங்கள்.

இப்போது கார். ஒரு சாதாரண காரின் ஒரு சக்கரம் தளத்தில் சுமார் 300 முதல் 450 கிலோ இறக்கும். 4 இன்ச் தளத்தின் ஓரம் அரை மீட்டர் அந்தரத்தில் நிற்கிறது, நுனியில் 400 கிலோ சக்கரம் வருகிறது, சுமையை 60 செ.மீ. அகலம் தாங்குகிறது என்று வைத்துக் கணக்குப் போட்டால் கான்கிரீட்டின் மேல்பக்க இழுவிசை 2.2 மெகாபாஸ்கல் வரும். வண்டி நகரும் அதிர்வையும் சேர்த்தால் 2.8ஐத் தொடும். எம்20 (வீட்டு வேலைக்கான சாதாரணத் தரம்) கான்கிரீட்டின் வளைவு வலிமை, இந்தியக் கான்கிரீட் விதிநூலான ஐ.எஸ். 456 சூத்திரப்படி 3.1 மெகாபாஸ்கல்தான். கையால் கலந்து, தண்ணீர் தாராளமாக ஊற்றிப் போட்ட தளத்தில் அந்த எம்20 கிடைத்திருக்கும் என்று நம்ப முடியாது. விரிசல் விழுந்த இடத்தில் வளைவு வலிமையே கிடையாது, கம்பியும் இல்லை. அதனால் ஒன்றரை அடிக்கு மேல் அடியில் வெற்றிடம் இருக்கும் எந்த இடத்திலும் சக்கரம் ஏறக் கூடாது.

காரை எடுத்தே தீர வேண்டுமென்றால்: சுத்தியால் தட்டி, கெட்டிச் சத்தம் வரும் பக்கத்தைச் சாக்பீஸால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு பக்கச் சக்கரங்களும் அந்தக் கோட்டுக்குள் ஓடினால் அப்படியே எடுக்கலாம். ஒரு சக்கரம் பள்ளத்தைத் தாண்ட வேண்டியிருந்தால் 12 மி.மீ. எம்.எஸ். பிளேட் (இரும்புத் தகடு), 2 அடி அகலம் 5 அடி நீளம், வாடகைக்கோ பழைய இரும்புக் கடையிலோ வாங்குங்கள். எடை சுமார் 88 கிலோ, இரண்டு மூன்று பேர் தூக்கிவிடலாம். இரண்டரை அடி வரை உள்ள இடைவெளிக்கு மேல் அதை விரிக்கலாம், ஆனால் இரண்டு முனையும் குறைந்தது ஒன்றேகால் அடி கெட்டித் தரையில் உட்கார வேண்டும். வண்டியில் ஓட்டுபவர் மட்டும். வெளியே போனபின் வேலை முடியும் வரை உள்ளே கொண்டுவராதீர்கள்.

தண்ணீர் லாரி விஷயம்: வெள்ளத்துக்குப் பிறகு சம்ப் கழுவி நிரப்ப எல்லோரும் லாரி கூப்பிடுகிறார்கள். 12,000 லிட்டர் லாரியில் தண்ணீர் மட்டுமே 12 டன். ரோட்டிலேயே நிறுத்தி ஹோஸ் போடச் சொல்லுங்கள். கேட்டுக்கு வெளியே வடிகால் மேல் இருக்கும் ராம்ப்பிலும் ஏறக் கூடாது.

வயர்மேன்_தெற்கு

பள்ளத்தை அளக்கவோ நிரப்பவோ தளத்தில் ஓட்டை போட யாராவது டிரில் எடுப்பதற்கு முன்னால் இதைப் படியுங்கள்.

தரைக்கடி கேபிள் இருக்கும் பகுதிகளில் தெருவில் உள்ள ஈ.பி. பில்லர் பாக்ஸிலிருந்து மீட்டருக்கு வரும் கேபிள் பெரும்பாலும் கேட் ஓரமாகத்தான் போகும். மண் போனபின் கேபிள் அந்தரத்தில் தொங்கும், தோல் உரிந்திருக்கலாம். பள்ளத்தில் தண்ணீர் இருக்கும்வரை கையோ கம்பியோ விடாதீர்கள். மின்னகத்தில் (மின்வாரியப் புகார் மையம்) புகார் பதிந்து, வாரியத்து ஆள் வந்து சப்ளையை நிறுத்திய பிறகுதான் கேபிளைத் தொட வேண்டும். கேட் விளக்கு, மோட்டார் கேட், சம்ப் மோட்டார் இவற்றின் வயரும் அதே வழியில் ஓடும். அந்த எம்.சி.பி.களை (மீட்டர் போர்டு சுவிட்ச்) இறக்கிவிடுங்கள்.

டிரில் மெஷினுக்கு 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் தானே துண்டிக்கும் சுவிட்ச்) உள்ள லைன்தான். ஈரத் தளத்தில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தரையில் வைக்காமல் ஸ்டூல் மேல் வையுங்கள். பிட்டில் 5 இன்ச் தூரத்தில் இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொள்ளுங்கள், அதற்குக் கீழே இறக்காதீர்கள்.

இன்னொன்று, சம்ப்பில் வெள்ளத் தண்ணீர் புகுந்துவிட்டது என்று உடனே காலி செய்யாதீர்கள். நிலத்தடி நீர் மேலேயே நிற்கும்போது காலித் தொட்டி மிதக்கப் பார்க்கும். சுற்றியிருக்கும் மண்ணும் போயிருந்தால் சம்ப் நகர்ந்து தளத்தையும் சேர்த்து உடைத்துவிடும். செப்டிக் டேங்குக்கும் இதே விதி.

மண்பரிசோதனை

மண் எங்கே போனது என்று கண்டுபிடிக்காமல் நிரப்பினால் அடுத்த மழையில் நிரப்பியதும் அதே வழியில் போய்விடும். பெரும்பாலான பழுதுகள் தோற்பது இங்கேதான்.

முதலில் இது அரிப்பா, அமுக்கமா என்று பிரித்துப் பாருங்கள். பள்ளிக்கரணை, வேளச்சேரி போன்ற சதுப்புக் களிமண் பகுதிகளில் நிரப்பு மண் ஊறி மொத்தமாக இறங்கும். தளத்துக்கும் மண்ணுக்கும் நடுவே எல்லா இடத்திலும் ஒரே மாதிரி அரை இன்ச், ஒரு இன்ச் இடைவெளி தெரியும். வெளியே எங்கும் மண் கொட்டிக் கிடக்காது. அரிப்பு அப்படியில்லை. பள்ளம் ஒரு பக்கம் ஆழமாக, குகை மாதிரி இருக்கும். சுவர்கள் செங்குத்தாக, சுத்தமாக இருக்கும். எங்கோ ஒரு இடத்தில் விசிறி மாதிரி வண்டல் பரவியிருக்கும். உங்கள் விவரிப்பு இரண்டாவது வகை.

மண் வெளியேறும் வழிகளில் நான் சந்தேகப்படும் வரிசை:

சேகரிப்புக் குழி. 2003 சட்டத்துக்குப் பிறகு தமிழ்நாட்டில் எல்லா வீட்டுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது, நல்ல விஷயம். ஆனால் பல குழிகளில் சிமென்ட் உறைகளுக்கு நடுவே மூட்டு திறந்தே இருக்கும், பின்னால் ஜல்லி வடிகட்டி போட்டிருக்க மாட்டார்கள். வெள்ளம் ஏறும்போது குழியும் மண்ணும் சேர்ந்து நிரம்புகின்றன. வடியும்போது குழியில் தண்ணீர் வேகமாக இறங்கும், மண்ணுக்குள் இருக்கும் தண்ணீர் மெதுவாக இறங்கும். அந்த மட்ட வித்தியாசம் மணலை மூட்டு வழியாகக் குழிக்குள் இழுத்துவிடுகிறது. குழிக்குள் டார்ச் அடித்து ஆழத்தை அளந்துபாருங்கள். 10 அடிக் குழி 6 அடிதான் காட்டுகிறது என்றால் உங்கள் மண் அங்கேதான் இருக்கிறது.

அடுத்து கழிவுநீர் இணைப்பு. தளத்துக்குக் கீழே போகும் குழாய் மூட்டு விட்டிருந்தால் மேன்ஹோலில் மணல் தெரியும். மூன்றாவது, காம்பவுண்டு சுவரின் அடியில் அடைக்காமல் விட்ட ஓட்டை. நான்காவது பெருச்சாளி வளை. சென்னையில் இதைச் சாதாரணமாக எடுக்க முடியாது, 4 இன்ச் விட்டமுள்ள ஒரு வளை போதும், வெள்ளம் அதைக் கால்வாயாக்கிவிடும்.

ஒரு வாளித் தண்ணீரில் சொட்டு நீலம் நன்றாகக் கலந்து பள்ளத்தில் ஊற்றுங்கள், பிறகு இரண்டு மூன்று குடம் சாதாரணத் தண்ணீர். ஒருவர் மேன்ஹோல், ஒருவர் வடிகால், ஒருவர் சேகரிப்புக் குழி பார்க்கட்டும். எங்கே நீலம் வருகிறதோ அதுதான் வழி. மூடியைத் திறந்து வெளியிலிருந்து பார்க்க வேண்டும், மேன்ஹோலுக்குள் யாரும் இறங்கக் கூடாது. விஷவாயு உயிரை வாங்கிவிடும்.

கொத்துவேலை_30

ரப்பிஷ் வேணாம் சார். உடைஞ்ச செங்கல், பூச்சு, டைல்ஸ் துண்டு எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு சாய்ஞ்சு நிக்கும், நடுவுல பாதி வெறும் காத்து. தளம் மேல இருக்கும்போது கீழ இடிச்சு இறுக்கவும் முடியாது. அடுத்த மழைக்கு சுத்தி இருக்கற மண்ணு அந்த இடுக்குல இறங்கும், தளம் மறுபடி அந்தரம். ரெண்டு இன்ச் கோட் போட்டா விரிசல்தான் மறையும். கீழ இருக்கற விரிசல் ஆறு மாசத்துல அப்படியே மேல வந்துடும். எடை வேற கூடுது.

வெறும் மணலைத் தண்ணி விட்டு உள்ள தள்றதும் அரைகுறை வேலைதான். ஓரத்துல ஒரு அடி உள்ள போகும், அதுக்கு மேல போகாது. போன மணலும் வழி அடைக்கலன்னா நிக்காது.

அவசரத்துக்கு இன்னைக்கு ராத்திரி மழை வருதுன்னா இது மட்டும் செய்யுங்க: சிமென்ட் சாக்குல முக்கால் பாகம் மட்டும் எம்-சாண்ட் நிரப்பி வாயைக் கட்டி, ஓரத்துல தளத்துக்கு அடியில செங்கல் வரிசை மாதிரி மூட்டு மாத்தி அடுக்குங்க. மேல் சாக்கு தளத்தோட அடிப்பாகத்தைத் தொடற மாதிரி மட்டப்பலகையால தட்டி இறுக்குங்க. முழுசா நிரப்புன சாக்கு உருண்டையா நிக்கும், இடுக்கு விடும், அதான் முக்கால். அதுக்கு மேல தார்ப்பாய் போட்டு தண்ணி உள்ள போகாம கேட் பக்கம் திருப்பிடுங்க. மாடியில இருந்து வர்ற மழைநீர்க் குழாய் தளத்து ஓரத்துலதான் விழுதா பாருங்க. விழுந்தா ஒரு எல்போவும் 10 அடி பிவிசி பைப்பும் மாட்டி தூரமா விடுங்க. இந்த ஒரு வேலையே பாதி நாசத்தை நிறுத்தும்.

கிரவுட்பம்ப்

ஓட்டை போட்டு நிரப்புவதுதான் சரி. ஆனால் அழுத்தத்தில் எல்லோரும் தவறு செய்கிறார்கள், அதை விரிவாகச் சொல்கிறேன்.

4 இன்ச் தளத்தின் எடை சதுர மீட்டருக்கு 250 கிலோ. பம்ப் கேஜில் 1 கிலோ/செ.மீ.² என்று காட்டினால் அது சதுர மீட்டருக்கு 10,000 கிலோ தூக்கு விசை. தளத்தின் எடையைப் போல 40 மடங்கு. கலவை வெளியேற வழியில்லாத இடத்தில் அந்த அழுத்தம் அரை நிமிடம் நின்றாலே தளம் எழும்பி உடையும். பம்ப் இல்லாமல் புனல் வைத்தாலும் இதே கதைதான்: 1 மீட்டர் உயரக் குழாயில் சிமென்ட் பால் நின்றால் அடியில் சதுர மீட்டருக்கு 1,800 கிலோ. அதனால் புனலின் உயரம் ஒரு அடிக்கு மேல் வேண்டாம், பக்கத்து ஓட்டைகள் எல்லாம் திறந்தே இருக்க வேண்டும். ஒரு ஓட்டையில் ஊற்றும்போது அடுத்ததில் கலவை எட்டிப் பார்த்தால் முதல் ஓட்டையை மர முளையால் அடைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். கடைசி ஓட்டையில் எட்டிப் பார்த்தவுடன் நிறுத்துங்கள். "இன்னும் கொஞ்சம் போகும்" என்று அழுத்துவதில்தான் தளம் போகிறது. தளத்தின் குறுக்கே நூல் கட்டி, ஒருவர் அதையே பார்த்துக்கொண்டு நிற்கட்டும். 2 மி.மீ. எழும்பினாலும் நிறுத்த வேண்டும்.

எந்தக் கலவை என்பது இடைவெளியைப் பொறுத்தது. ஒன்றரை இன்ச்சுக்குக் குறைவான இடைவெளியில் மணல் கலந்த கலவை ஓடாது, பாதியிலேயே அடைத்துக்கொள்ளும். அங்கே வெறும் சிமென்ட் பால், மூட்டைக்கு 25 லிட்டர் தண்ணீர். ஒரு மூட்டைக்குச் சுமார் 41 லிட்டர் பால் கிடைக்கும். அதற்கு மேற்பட்ட பள்ளத்துக்குச் சிமென்ட் பால் வீண் செலவு, சுருக்கமும் அதிகம். மணல் கலவைதான் சரி.

சைட்இன்ஜினியர்

மணல் கலவைக்கு அளவு தருகிறேன். தானாக ஓடி நிரம்ப வேண்டும், இறுகினால் கெட்டி மண்ணைவிடச் சற்றே உறுதியாக இருந்தால் போதும். பின்னால் குழாய் பழுது வந்தால் கடப்பாரையால் தோண்டவும் முடிய வேண்டும். உள்ளே எம்20 கான்கிரீட்டையே ஊற்றிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். அது ஓடாது, பின்னால் உடைக்கவும் முடியாது. தளத்துக்கு ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் மண் என்ற நிலை வந்து எல்லையில் விரிசல் விழும்.

ஒரு கன மீட்டருக்கு, அதாவது 35 கன அடிக்கு: சிமென்ட் 3 மூட்டை, எம்-சாண்ட் 33 கன அடி, தண்ணீர் மொத்தம் 350 லிட்டர். பிபிசி சிமென்ட் நல்லது. சாம்பல் கலந்திருப்பதால் கலவை வழவழப்பாக ஓடும், தண்ணீர் பிரிவதும் குறையும். மிக்ஸரில் ஒரு மூட்டைக்கு 11 கன அடி மணல். மழைக்கால மணலில் ஈரம் இருக்கும், அதனால் ஒரு மூட்டைக்கு வரும் 115 லிட்டரையும் ஊற்றாமல் 90 லிட்டரில் ஆரம்பித்துச் சோதனை பார்த்துக் கூட்டுங்கள்.

சோதனை: 3 இன்ச் பிவிசி குழாயில் 6 இன்ச் துண்டு வெட்டி, வழவழப்பான பிளைவுட் மேல் நிறுத்தி, கலவையை நிரப்பி நேராக மேலே தூக்குங்கள். கலவை 8 இன்ச் வட்டமாகப் பரவினால் சரி. 6 இன்ச்சில் நின்றால் தண்ணீர் போதாது. பரவிய வட்டத்தின் ஓரத்தில் தெளிந்த தண்ணீர் வளையம் தெரிந்தால் தண்ணீர் அதிகம், மணல் கீழே தங்கித் தளத்துக்கு அடியில் மறுபடி இடைவெளி விடும். அப்போது கால் பாண்டு (கொத்தனார் சட்டி) சிமென்ட் சேருங்கள்.

ஊற்றும் ஓட்டை 4 இன்ச் கோர் கட்டிங், அதாவது மெஷினால் வட்டமாகத் துளைத்து எடுப்பது. பிளம்பிங் வேலைக்குக் கோர் போடுபவர்களே இதைச் செய்வார்கள். பள்ளத்துக்கு மேல் 4 அடிக்கு ஒன்று. நடுவே 20 மி.மீ. காற்று ஓட்டைகள். ஆழமான மூலையிலிருந்து ஆரம்பித்து மேடான பக்கம் நகருங்கள். அடியில் தண்ணீர் நின்றால் கோர் ஓட்டை வழியே ஹோஸைப் பள்ளத்தின் அடிவரை இறக்கி, அதன் வாய் கலவைக்குள் புதைந்தே இருக்கும்படி ஊற்றுங்கள். கலவை கீழிருந்து எழும்பித் தண்ணீரை வெளியே தள்ளும். மேலிருந்து கொட்டினால் சிமென்ட் கரைந்து மணல் மட்டும்தான் தங்கும்.

பள்ளம் ஒன்றரை அடிக்கு மேல் ஆழம் என்றால் ஒரே மூச்சில் நிரப்பாதீர்கள். திரவக் கலவை சுவரைத் தள்ளும். ஒன்றரை அடி நிரப்பி, மறுநாள் மீதி.

குழாய்க்கடை_அண்ணன்

மேலே யாரும் சொல்லவில்லை: பள்ளத்தில் தொங்கும் பிவிசி குழாய் கலவையில் மிதக்கும். 110 மி.மீ. காலிக் குழாயை மீட்டருக்கு சுமார் 18 கிலோ விசை மேலே தூக்கும். மூட்டு கழன்றால் கலவை முழுக்கக் கழிவுநீர் லைனுக்குள் போய் இறுகிவிடும், அப்புறம் தெருவையே தோண்ட வேண்டியிருக்கும்.

அதனால் முதலில் குழாயின் சரிவைச் சரிசெய்து 3 அடிக்கு ஒரு செங்கல் தாங்கல் கட்டுங்கள். மேலே கம்பியால் கீழ்நோக்கி இழுத்துக் கட்டுங்கள். மேன்ஹோல் பக்க முனையை பலூன் பிளக்கால் அடைத்துக் குழாயில் தண்ணீர் நிரப்புங்கள். தண்ணீர் மட்டம் அரை மணி நேரம் இறங்காமல் நின்றால் மூட்டு சரி, மிதப்பும் சுமார் பாதி குறையும். கலவை இறுகிய பிறகு பிளக்கை எடுக்க மறக்காதீர்கள்.

மண் வெளியேறிய ஓட்டையை அடைக்க, சாக்குத் துணியைச் சிமென்ட் பாலில் நனைத்து உள்ளே திணித்து, மேலே உடனடி இறுகும் பிளக் சிமென்ட். மூன்று நான்கு நிமிடத்தில் இறுகும், தண்ணீர் கசியும் இடத்திலும் நிற்கும். சேகரிப்புக் குழியின் உறை மூட்டுகளில் மேல் 3 அடியை மட்டும் பூசி அடையுங்கள். அதற்குக் கீழே திறந்தே இருக்கட்டும், ஆனால் வெளிப்பக்கம் ஜியோ டெக்ஸ்டைல் துணியும் (தண்ணீரை விட்டு மண்ணைத் தடுப்பது) முக்கால் இன்ச் ஜல்லியும் வேண்டும். முழுக்க அடைத்தால் குழி குழியாக இருக்காது.

ஈசிஆர்_மணல்

கொட்டிவாக்கம், நீலாங்கரை மாதிரி கடலோர மணலில் இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பள்ளத்தில் தேங்கிய தண்ணீரை மோட்டார் வைத்து இறைக்காதீர்கள். தண்ணீரோடு நுண்மணலும் வரும், நீங்கள் இறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பள்ளம் பெரிதாகும். வெளியே வரும் தண்ணீரை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து ஐந்து நிமிடம் வையுங்கள். அடியில் மணல் தங்கினால் மோட்டாரை நிறுத்திவிடுங்கள். மணலில் நிலத்தடி நீர் சீக்கிரமே தானாக இறங்கும். களிமண்ணில்தான் நாளாகும்.

முடிச்சூர்7

எல்லோருக்கும் நன்றி. சுவர் நேராக இருக்கிறது. நீலத் தண்ணீர் சேகரிப்புக் குழிக்குள் வந்தது, மேலிருந்து இரண்டாவது உறை மூட்டில். வடிகாலிலும் மேன்ஹோலிலும் வரவில்லை. சுத்தியால் தட்டி, இரண்டு அடிக்கு ஒன்றாக 16 மி.மீ. ஓட்டை போட்டுக் கம்பி விட்டு அளந்தோம்.

காம்பவுண்டு ஓரம்: 12 அடி நீளம், 3 அடி அகலம், சராசரி ஆழம் 5 இன்ச். குழி மூலை: 3 அடிக்கு 3 அடி, 2 அடி ஆழம். அதைத் தாண்டி உள்பக்கம் 12 அடிக்கு 4 அடி, அரை இன்ச் இடைவெளி மட்டும். மீதி எல்லாம் கெட்டியாக இருக்கிறது. விரிசல் 2 மி.மீ., இரண்டு பக்கமும் ஒரே மட்டம். எவ்வளவு சாமான் வாங்க வேண்டும்? யூரித்தேன் ஃபோம் (உள்ளே போய்ப் பொங்கி இறுகும் நுரை) போடலாம் என்று ஒரு கம்பெனி சொல்கிறது, அது எப்படி?

சைட்இன்ஜினியர்

நன்றாக அளந்திருக்கிறீர்கள். ஓரம் 15 கன அடி, மூலை 18 கன அடி, மொத்தம் 33. கண்ணுக்குத் தெரியாத வளைகள், சிந்துவது எல்லாம் சேர்த்து 20 சதவீதம் கூட்டினால் 40 கன அடி. அதற்குச் சிமென்ட் நான்கு மூட்டைக்குள், எம்-சாண்ட் சுமார் 37 கன அடி, தண்ணீர் மணலின் ஈரத்தையும் சேர்த்து 400 லிட்டர். அரை யூனிட் மணல், அதாவது 50 கன அடி, சொல்லிவிடுங்கள். அரை இன்ச் பகுதி 2 கன அடி, 57 லிட்டர். சிமென்ட் பாலுக்கு இரண்டு மூட்டை. கையிருப்பாக ஒன்று. மொத்தம் ஏழு மூட்டை.

மூலையில் இன்று ஒன்றரை அடி, நாளை மீதியும் ஓரமும். மூன்றாம் நாள் சிமென்ட் பால், மணல் கலவை ஊற்றிய ஓட்டைகளிலும் சேர்த்து. பி-சாண்ட் தந்தால் வாங்காதீர்கள், அது பூச்சுக்கான நுண்மணல், தண்ணீர் அதிகம் கேட்கும்.

கிரவுட்பம்ப்

ஃபோம் நல்ல பொருள்தான், ஆனால் உங்கள் பள்ளத்துக்கு இல்லை. ஒரு இன்ச், இரண்டு இன்ச் இடைவெளிக்கும், இறங்கிய தளத்தைச் சில மில்லிமீட்டர் தூக்குவதற்கும் அது பொருத்தம். 15 நிமிடத்தில் வண்டி ஏற்றலாம் என்பதும் உண்மை. கடைவாசல், ஆஸ்பத்திரி வழி மாதிரி ஒரு நாள்கூட அடைக்க முடியாத இடத்துக்கு அந்தச் செலவு நியாயம். 2 அடி ஆழப் பள்ளத்தில் மொத்தமாக அடித்தால் வேதிவினைச் சூடு உள்ளே தேங்கிக் கருகும், அதனால் அடுக்கடுக்காகத்தான் போட வேண்டும். பொருள் செலவும் பல மடங்கு. அவர்கள் வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள்: தண்ணீரை ஏற்காத வகையா, இறுகியபின் கன மீட்டருக்கு எத்தனை கிலோ அடர்த்தி, எத்தனை கிலோ ரசாயனம் என்று பில்லில் எழுதுவார்களா. மூன்றாவதற்குப் பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள்.

மண்பரிசோதனை

ஒரு மாற்றுக் கருத்து. 4 இன்ச், கம்பியில்லாத, ஏற்கெனவே விரிசல் விட்ட தளத்துக்கு இவ்வளவு செய்வதைவிட கேட் பக்கத்துப் பாதியை உடைத்துப் புதிதாகப் போடுவதே நீண்ட நாளைக்கு நல்லது என்று நினைக்கிறேன். 2015, 2023 இரண்டு டிசம்பரிலும் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதி தண்ணீரில் நின்றது. அடையாற்று ஓரம், இனியும் நிற்கும். அதற்குத் தாங்குகிற மாதிரி ஓரத்தில் தடுப்பு வேண்டும். அது தளத்தை உடைக்காமல் வராது.

சைட்இன்ஜினியர்

ஒப்புக்கொள்கிறேன், ஆனால் இப்போது வேண்டாம். ஊறிய மண்ணில் ராம்மர் (மண் இடிக்கும் மெஷின்) போட்டால் மண் இறுகாது, மெத்தை மாதிரி நெளியும். புதுத் தளம் அதன் மேல் உட்கார்ந்தால் பங்குனிக்குள் இறங்கிவிடும். இப்போது நிரப்பி நிறுத்துங்கள், மாசி பங்குனியில் உடைத்துப் போடுங்கள். இன்று ஊற்றும் கலவை அன்றைக்கும் நல்ல அடித்தளம், வீணாகாது.

காத்திருக்காமல் உடனே உடைக்க வேண்டியது எப்போது என்றால்: தளத்தின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அடியில் வெற்றிடம், துண்டுகள் ஒன்றுக்கொன்று அரை இன்ச்சுக்கு மேல் ஏற்ற இறக்கம், அல்லது கோர் எடுத்த துண்டின் கனம் 3 இன்ச்சுக்குக் குறைவு. உங்கள் கணக்கில் ஓரமும் மூலையும் 45 சதுர அடி, மொத்தம் 200. அரை இன்ச் இடைவெளிப் பகுதியில் தளம் சற்றே வளைந்தால் மண்ணைத் தொட்டுவிடும், அதை நான் சேர்க்கவில்லை. அதனால் நிரப்பினால் போதும்.

உடைத்துப் போடும் காலம் வந்தால், வரிசை இது. கட்டிங் மெஷினால் நேராக வெட்டி, பிரேக்கரால் எடுத்து, சேற்றைக் கெட்டி மண் வரை நீக்குங்கள். மேலே 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 200 கிராம்) ஜியோ டெக்ஸ்டைல் விரித்து ஓரங்களை ஒரு அடி மேலே மடியுங்கள். கிராவலோ, ஜல்லியும் டஸ்ட்டும் கலந்ததோ, 6 இன்ச் அடுக்காகப் போட்டு ஒவ்வொன்றையும் ராம்மரால் இறுக்குங்கள். ஈரம் சரியா என்று பார்க்கக் கைப்பிடி மண்ணை இறுக்கிப் பிடியுங்கள். உருண்டை நிற்க வேண்டும், விரலில் தண்ணீர் வரக் கூடாது. மேலே 3 இன்ச் 1:4:8 பிசிசி (கம்பியில்லாத அடிக் கான்கிரீட்). பிறகு 5 இன்ச் எம்20 தளம், 8 மி.மீ. கம்பி 8 இன்ச் இடைவெளியில் இரண்டு பக்கமும், கவர் பிளாக் (கம்பியைத் தாங்கும் சிமென்ட் கட்டை) வைத்துத் தளத்தின் மேல் மூன்றில் ஒரு பங்கில் நிற்க வேண்டும். கம்பியைத் தரையில் போட்டுக் கான்கிரீட் கொட்டிய பிறகு கொக்கியால் இழுத்துவிடும் பழக்கத்தை அனுமதிக்காதீர்கள், அது கீழேயேதான் கிடக்கும். சுற்றிலும் 6 இன்ச் அகலம், ஒன்றரை அடி ஆழத்துக்குக் கான்கிரீட் தடுப்புச் சுவர், தளத்தோடு சேர்த்தே வார்க்க வேண்டும். அரிப்பு ஓரத்திலிருந்து நுழைவதை அதுதான் நிறுத்தும். சரிவு 5 அடிக்கு ஒரு இன்ச், கேட் பக்கம்.

உங்கள் 200 சதுர அடி முழுவதுக்கும் தளத்துக்கு மட்டும்: கான்கிரீட் 83 கன அடி, சிமென்ட் 19 மூட்டை, எம்-சாண்ட் 37, முக்கால் இன்ச் ஜல்லி 74 கன அடி, கம்பி (முனைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் நீளமும் சேர்த்து) 80 கிலோ. மறுநாளே 10 அடிக்கு ஒரு வெட்டு, ஒன்றேகால் இன்ச் ஆழம். பாத்தி கட்டித் தண்ணீர் குறைந்தது 10 நாள்.

கொத்துவேலை_30

வடிகால் மேல இருக்கற ராம்ப்பைப் பத்தி ஒண்ணு. அது பொது வடிகால். கலவை அதுக்குள்ள ஒழுகினா தெருவுக்கே தண்ணி நிக்கும். ஊத்தறதுக்கு முன்னாடி வடிகால் சுவர்ல கசிவு ஓட்டை எங்கெங்க இருக்குன்னு பாத்து, அதுக்குப் பின்னால ஜல்லியும் துணியும் வெச்சு, கலவை வராத மாதிரி பண்ணுங்க. ஒட்டுமொத்தமா சிமென்ட் போட்டு அடைச்சுடாதீங்க, அந்த ஓட்டை இல்லன்னா சுவருக்குப் பின்னால தண்ணி தேங்கித் தள்ளும்.

முடிச்சூர்7

கலவை ஊற்றி எத்தனை நாளில் கார் ஏற்றலாம்? வீட்டுக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது, இதற்குக் கிடைக்குமா?

சைட்இன்ஜினியர்

மறுநாள் நடக்கலாம். கார் ஐந்து நாள் கழித்து. அதற்கு முன்பு காற்று ஓட்டையில் ஒரு 6 மி.மீ. கம்பியைக் கையால் அழுத்திப் பாருங்கள். இறங்கினால் இன்னும் பொறுங்கள். மறுபடி முழுத் தளத்தையும் தட்டிப் பாருங்கள். மணல் கலவை தண்ணீர் விட்டு லேசாக இறங்கும், அதனால் தளத்துக்கு அடியில் மெல்லிய இடைவெளி நிற்பது இயல்பு. மூன்றாம் நாள் சிமென்ட் பாலை அந்த ஓட்டைகளிலும் ஊற்றச் சொன்னது அதற்குத்தான்.

இன்சூரன்ஸ்: பாரத் கிருஹ ரக்ஷா பாலிசி என்றால் கட்டடம் என்ற வரையறைக்குள் காம்பவுண்டு சுவர், கேட், வளாகத்துக்குள் உள்ள பாதை எல்லாம் வரும். நிரப்புவதற்கு முன்பே கம்பெனிக்குத் தகவல் கொடுங்கள். பள்ளத்தின் அருகே டேப் வைத்து, தேதியோடு படம் எடுங்கள். ஓட்டை வாரியாக அளந்த அந்தத் தாளும் மணல், சிமென்ட், கோர் கட்டிங் பில்லும் பத்திரம். சர்வேயர் வருவதற்குள் மழை வரும்போல இருந்தால், காத்திருக்க முடியாத அவசரப் பழுது என்று எழுத்தில் அனுப்பிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

குழாய்க்கடை_அண்ணன்

கடைசி வேலை ஓட்டைகளை மூடுவது. கோர் எடுத்த துண்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். ஓட்டைச் சுவரைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, நனைத்து, சுருங்காத கிரவுட் பூசி அதே துண்டைத் திரும்ப இறக்கி மட்டமாக்குங்கள். விரிசலை 10 மி.மீ. அகலம், அரை இன்ச் ஆழம் வெட்டித் திறந்து, நன்றாகக் காய்ந்த பிறகு பாலியூரித்தேன் சீலன்ட். ஈரத்தில் போட்டால் ஒட்டாது, வெயில் அடித்து இரண்டு மூன்று நாளாவது ஆகட்டும். தளத்துக்கும் காம்பவுண்டு சுவருக்கும் நடுவே உள்ள கோட்டையும் இதேபோல் அடையுங்கள், மேலிருந்து தண்ணீர் இறங்குவது அங்கேதான்.

ஒரே ஒரு 20 மி.மீ. ஓட்டையை மட்டும், குழி மூலையில், திருகு மூடி போட்டு விட்டு வையுங்கள். அடுத்த பெருமழை வடிந்த மறுநாள் கம்பி விட்டு அளந்தால், மண் நிற்கிறதா போகிறதா என்று தளத்தைத் தொடாமலே தெரிந்துவிடும்.